கிணற்றில் தொங்கிய வெள்ளைப் பட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் பட்டுக்குச் சாயம் தோய்க்கும் ஆலை ஒன்று வந்தது. கழிவு ஒரு சொட்டுகூட வெளியே போவதில்லை என்று அங்கே அடித்துச் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். வாய்ச்சொல்லை நம்புகிற ஆளா நான்? ஞாயிறுதோறும் எங்கள் கிணற்றில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, லிட்மஸ் தாளை நனைத்து, சுத்தமான தண்ணீர் என்று தீர்ப்புச் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் அந்தக் கிணற்றில்தான் மொள்வார்கள்.

தறி நெய்கிற என் மனைவிக்கு மட்டும் திருப்தியில்லை. "வெள்ளைப் பட்ட இதுல அலசினா வெள்ளையா வரலீங்க. பாப்பாவுக்குக் குடுக்கவே பயமா இருக்குது" என்றாள். மகளுக்கு அப்போது ஒரு வயது. "மொதல்ல கண்ண டாக்டர்கிட்ட காட்டு" என்று கிண்டல் செய்தேன்.

அமாவாசையன்று எங்கள் வீடுகளில் தறி ஓடாது. மகளுக்கு மூன்று வயதானபோது, அப்படி ஒரு நாளில் பரணில் எதையோ தேடப்போய் ஒரு மூங்கில் கழியை இறக்கினேன். அதில் முடிச்சுகள் போட்ட பட்டுநூல் கொத்துகள் வரிசையாகத் தொங்கின. என்ன இது என்று கேட்டேன்.

"அமாவாசைக்கு அமாவாசை ஒரு வெள்ளக் கொத்து கெணத்துல வுடுவேன். அடுத்த அமாவாசைக்கு எடுத்துட்டுப் புதுசு கட்டுவேன். கொத்துல இருக்கற முடிச்ச எண்ணுங்க, எத்தினியாவது மாசம்னு தெரியும்."

முதல் கொத்து வெள்ளை. மூன்றாவது லேசான ரோஜா நிறம். போகப்போக அரக்கு. ஆடியில் வெளிறுகிறது, கல்யாண மாதங்களுக்கு முன்னால் மறுபடி கறுக்கிறது. ஊரில் சேலைக்கு எப்போது கிராக்கி என்பதுகூட அதில் தெரிந்தது. என் பாட்டிலில் இருந்தது ஒரு நிமிடத்துத் தண்ணீர், அதுவும் ஆலைக்கு லீவான ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர். அவள் பட்டோ மாதம் முழுக்க உள்ளே கிடந்து, கண்ணுக்குத் தெரியாத சாயத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வைத்திருந்தது. பட்டு சாயத்தைப் பிடிக்கும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவன் நான். மெய்சிலிர்த்துப்போய் அந்தக் கழியின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகுதான் மகளின் நினைவு வந்தது. "அப்போ பாப்பா இதத்தான் குடிச்சுதா?"

"மூணாவது கொத்து எடுத்த அன்னிலேர்ந்து பாப்பாவுக்குத் தெருமுனைக் குழாய்த் தண்ணிதான். உங்களுக்கும் ஒரு கொடம் புடிச்சு வெச்சேன். நீங்கதான் கெணத்துத் தண்ணி ருசின்னு மொண்டு மொண்டு குடிச்சுக்கினு இருந்தீங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பாட்டிலத் தூக்கிக் காட்டுவீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"பக்கத்து வூட்லயும் ரெண்டு கொழந்தைங்க இருக்குது. நானும் சொல்லிப் பார்த்துட்டேன். வாத்தியாரே நல்ல தண்ணின்னு சொல்லிட்டாரேன்னு இன்னும் அதத்தான் குடுக்கறாங்க."

கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.