ஓரம் உயர்த்திய செருப்பு

போன வருஷம், ஆடி முடிந்து பத்து நாள் இருக்கும். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருமுனைக் கடைக்குப் போய் வருவதற்குள் மூன்று இடத்தில் நின்றேன். எனக்கு ஐம்பத்தொன்பது வயது. இரண்டு கால்களும் முட்டியில் வெளிப்பக்கமாக வளைந்து, நடுவில் ஒரு தலையணையே போகும். ஆபரேஷன் செய்துகொள்ளப் போவதாக அன்றைக்கே வீட்டில் அறிவித்துவிட்டேன்.

வீடே கொதித்தது. மகனுக்குப் பயம், அது புரிந்தது. நாத்தனார் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

"இன்னா அண்ணி, இந்த வயசுல கால நிமித்திகினு இன்னா பண்ணப் போற? ஊட்லயே குந்திகினு இரேன்."

"குந்திகினு இருக்கறதுக்கு எனக்கு எதுக்கு காலு?" என்றேன்.

எலும்பைக் கோணம் பார்த்து வெட்டி, உள்பக்கம் இறுகிப்போன தசைநார்களைத் தளர்த்தி, செயற்கை மூட்டு பொருத்தினால் கால் நேராகிவிடும் என்றார் டாக்டர். வளைவு அதிகம் என்பதால் முதலில் இடது கால், மூன்று மாதம் கழித்து வலது. இடது கால் தேறினால்தான் வலது கால் என்று வீட்டில் நிபந்தனை போட்டார்கள். பார்க்கலாம் என்று நானும் வீம்பாகத் தலையாட்டினேன்.

கால் நேரானது. கட்டுப் பிரித்ததும் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்குள் முதலில் வாக்கரோடு, பிறகு கைத்தடியோடு நன்றாகத்தான் நடந்தேன்.

ஆறு வாரம் கழித்து வெளியே நடக்கச் சொன்னார்கள். அங்கேதான் வந்தது வினை. தெருவில் பத்தடி வைத்தால் கால் உள்பக்கமாகத் தள்ளியது, முட்டி வலித்தது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். நாத்தனார் 'அப்பவே சொன்னேனே' என்று ஆரம்பித்துவிட்டார். வலது காலைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. டாக்டர் எங்கேயோ கோட்டை விட்டுவிட்டார் என்று முடிவு கட்டி, சண்டை போடவே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி பெண் என்னைக் கத்த விட்டாள். பிறகு குனிந்து என் செருப்பைப் பார்த்தாள். வளைந்த காலுக்கு ஈடாக, செருப்பு தைப்பவரிடம் கொடுத்து வெளி ஓரத்தில் விரல் கனத்துக்குத் தோல் வைத்துத் தைத்த செருப்பு. பன்னிரண்டு வருஷமாக எந்தச் செருப்பு வாங்கினாலும் முதல் வேலை அதுதான். பழக்கத்தில் அது என் கண்ணிலேயே படவில்லை.

"இதக் கழட்டிட்டு நடங்கம்மா," என்றாள்.

நீளமான வராந்தா. நடந்தேன். கால் தள்ளவில்லை. நேராகிவிட்ட காலை அந்த உயர்ந்த ஓரம்தான் உள்ளே தள்ளியிருக்கிறது. போய்த் திரும்பினேன், மறுபடியும் போனேன். கத்தியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வலது காலுக்கு அந்தச் செருப்பு இன்னும் தேவைதான் என்றாள். எனக்கு வேண்டாம் என்று இரண்டையும் அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டேன்.

ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லி, மழை ஈரம் காயாத தெருவில் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன். வாசலில் நின்ற நாத்தனார் செருப்பு எங்கே என்று கேட்டார். வலது கால் ஆபரேஷனுக்கு வாங்கி வந்த தேதியை மட்டும் சொன்னேன்.

இப்போது இரண்டும் நேர். கால் நிமிர்ந்ததில் உயரம் கூடி, பாவாடைகள் எல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிப்போய், ஓரம் பிரித்து இறக்கித் தைத்திருக்கிறேன். மற்றவர்கள் பேசியதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. ஒழுங்காக நின்ற என் காலை நானே ஒரு வாரம் நம்பாமல் போனதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.