ஃபெயிலான பேப்பர்

எழுபதுகளின் கடைசியில் பாலக்காட்டு ஒலவக்கோட்டில் மெட்ராஸ் ரயில் ஏறியபோது எதிர் இருக்கையில் அந்த அம்மாள் இருந்தார். தடித்த கண்ணாடி, மடியில் மடிப்பு மடிப்பாக ஒரு நீளக் காகிதம். சிவப்புப் பென்சிலால் ஒரு வரியைச் சுழிப்பார், உடனே சிரிப்பார். பிள்ளைகளின் தவறில் இத்தனை சந்தோஷப்படும் டீச்சரை நான் பார்த்ததில்லை. நல்லேப்பிள்ளி விவசாயியான எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, யாரை இப்படி ஃபெயில் பண்றீங்க?"

"என்னைத்தான்," என்றார், கல்பாத்தி அக்ரஹாரப் பேச்சில்.

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவராம். பிரிண்டரையும், விவரங்களைப் பதிந்து வைக்கும் டேப்பையும் ஓட்டுகிற அடிமட்டப் புரோகிராம்.

"மிஷினுக்கு எல்லாமே வெறும் நம்பர். பிரிண்டருக்குப் போகவேண்டியதை டேப்புக்கு அனுப்பினாலும் வாங்கிக்கும். அப்படித்தான் ஒரு தடவை முழு டேப்பையும் அழிச்சுட்டேன். இப்போ எந்த நம்பர் எந்த வகை, பிரிண்டருக்கா டேப்புக்கான்னு முன்னாடியே சொல்லியாகணும். வகை மாறினா மிஷினே சோதிச்சுப் பார்த்து, புரோகிராமை ஓடவே விடாது. அந்தச் சோதனையை நான்தான் எழுதிச் சேர்த்தேன்."

"இனி அந்தத் தப்பு வராதுங்களா?"

"வராம என்ன? எழுதறச்சே வரும். ஓடறச்சே வராது."

கோயமுத்தூரில் காபி வந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அந்தச் சோதனை அச்சடித்துக் கொடுத்த தப்புப் பட்டியலாம் அந்தக் காகிதம்; அதை என் பக்கம் திருப்பினார்.

"பாருங்கோ, தன்னை எழுதினவளாச்சேன்னுகூடப் பார்க்கலை. அத்தனை இடத்திலயும் என்னைப் பிடிச்சுடுத்து!"

மார்க்கைக் காட்டிப் பெருமைப்பட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். தான் ஃபெயிலான பேப்பரை அத்தனை பெருமையோடு நீட்டியவர் அவர் ஒருவர்தான்.