வலென்சியாவில் மச்சான் உறுமிய மதியம்

தெரு முழுக்க ஆரஞ்சுப் பூ வாசம்… ஒரே மரத்தில் பூவும் பழமும் சேர்ந்தே தொங்கின. யாரும் பறிக்கவில்லையே என்று நான் ஒன்றைப் பறித்துக் கடித்தேன்.

அப்படி ஒரு கசப்பு!

எழுபதுகளின் நடுப்பகுதி, நட்புகளே. ஸ்பெயின் நாட்டில் வலென்சியா என்ற கடலோரப் பட்டணம். என் வீட்டுக்காரருக்குத் துபாயில் தேரா என்ற பகுதியில் ஒரு கட்டட சாமான் கடையில் வேலை. டைல்ஸ் பார்த்து வர முதலாளி அவரை அனுப்பினார். கூடவே நானும்.

நான் போனதற்கு வேறு காரணம் இருந்தது.

கல்யாணமாகி காயல்பட்டினத்திலிருந்து துபாய் வந்து சில மாதங்கள்தான். காலையில் கடைக்குப் போனால் இரவு இஷா தொழுகை முடித்துத்தான் வருவார். வந்தாலும் பேச்சு கிடையாது. நாள் முழுக்க ஜன்னல் ஏசியின் இரைச்சல்தான் எனக்குத் துணை… ஒரு நாள் அழுதேவிட்டேன்.

“என்னய ஊருக்கு அனுப்பிடுங்க மச்சான். உம்மாகூடவே இருந்துக்குறேன்.”

அவர் கோபப்படவில்லை.

“சரி. பம்பாய் கப்பல்ல டிக்கெட் போட்டுர்றேன். அதுக்கு முன்னால எங்கூட ஸ்பெயினுக்கு ஒரு நடை வந்துட்டுப் போ.”

அப்படித்தான் கிளம்பினேன்.

முதல் நாள் பெரிய தேவாலயத்தின் கோபுரத்தில் ஏறினோம். சுற்றிச் சுற்றிப் படிகள். மேலே போனதும் நீல ஓடு பதித்த கும்மட்டங்கள், தூரத்தில் கடல்.

“பாத்தியா, அத்தனையும் டைல்ஸ். எவ்வளவு காலமானாலும் நிறம் மங்காது.”

தன் தொழிலைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

ஆனால் சாப்பாடு… அங்கேதான் திண்டாட்டம். எதில் பன்றி இருக்கும், எதில் இருக்காது என்று தெரியாது. கேட்க பாஷையும் தெரியாது. ரொட்டியும் பழமும்தான். மறுநாள் மதியம் எனக்குத் தலை சுற்றியது.

அவர் என் கையைப் பிடித்துக் கடற்கரையோரத்து ஓட்டல் ஒன்றில் உட்கார வைத்தார். எல்லா மேஜையிலும் அகலமான தட்டையான சட்டி. அதில் குங்குமப்பூ போட்ட மஞ்சள் சோறு, இறால், கணவாய், சிப்பி. மணம் இழுத்தது.

கடைக்காரப் பெண்மணியிடம் அவர் ஆங்கிலத்தில் கேட்டார். இந்தியில் கேட்டார். அரபியில்கூட ஒன்று சொல்லிப் பார்த்தார். அந்தம்மா சிரித்துக்கொண்டே நின்றார்.

என் முகத்தை ஒரு தடவை பார்த்தார் மச்சான். பிறகு எழுந்து நின்று, இரண்டு கையையும் காதருகே வைத்து, மூக்கைச் சுருக்கி… பன்றி மாதிரி உறுமினார்!

ஓட்டலே திரும்பியது.

அந்தம்மா இடுப்பில் கைவைத்து, இல்லை இல்லை என்று தலையாட்டி, பதிலுக்கு ஒரு உறுமல் விட்டார். அப்புறம் கையை மீன் மாதிரி நெளித்துக் காட்டினார். பக்கத்து மேஜைக்காரர்கள் கைதட்டினார்கள். மச்சானின் காது சிவந்துவிட்டது.

நான் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அவரும் சிரித்தார். இவருக்கு இப்படிச் சிரிக்கத் தெரியுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் அந்தம்மா சட்டியின் அடியில் தீய்ந்து ஒட்டியதைச் சுரண்டி என் தட்டில் வைத்தார். நம் வீட்டில் சோறு அடிப்பிடித்தால் ஏச்சு விழும். அங்கே அதுதான் விருந்தாளிக்கு மரியாதையாம். மொறுமொறுவென்று… அல்ஹம்துலில்லாஹ், என்ன ருசி!

துபாய் திரும்பிய மறுநாள் சட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்.

“டிக்கெட்டுக்குச் சொல்லிரவா?”

“இப்ப வேணாம் மச்சான். சாயங்காலம் சீக்கிரம் வாங்க, பேசிட்டு இருக்கலாம்.”

வந்தார்.

இப்போது என் மகள் ஷார்ஜாவிலிருந்து நீண்ட விடுமுறை கிடைத்தாலே மாப்பிள்ளையோடு ஐரோப்பாவுக்குப் பறக்கிறாள். எந்த ஓட்டலில் ஹலால் கிடைக்கும் என்று போகும் முன்பே போனில் பார்த்துவிடுகிறாள். ஒரு சிரமமும் இல்லை, நல்லதுதான். ‘எப்படிம்மா இருந்துச்சு?’ என்றால் ‘நல்லா இருந்துச்சும்மா’ என்பாள், அவ்வளவுதான்.

நான் பார்த்தது ஒரே ஒரு ஊர். அங்கே எனக்கு வாய்த்த மாதிரி ஒரு மதியம் அவர்களுக்கும் வாய்க்கட்டும் என்று மட்டும் துஆ செய்துகொள்கிறேன்…