நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி

சங்கமித்ரா அக்காவுக்கு வலது கால்தான் சோறு போடுகிறது. இப்படிச் சொன்னால் அவர் முறைப்பார், ஆனாலும் உண்மை அதுதான். அவர் மேசைக்கு அடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் ஹெட்போனில் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் தட்டினால் கொஞ்சம் பின்னால் போகும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலால் அதை மிதித்தபடி, முன்பின் தெரியாதவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்குகிறார். இதோடு பதினான்கு வருடம்.

எங்கள் ஆபீஸ் பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. எங்கோ ஒரு குளிர்நாட்டில் அடைக்கலம் கேட்டு வருகிறவர்களை அதிகாரிகள் விசாரிப்பார்கள். எந்த நாடு என்று சொல்லக் கூடாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அந்த ஒலிப்பதிவுகள் எங்களுக்கு வரும். எங்கள் குழுவுக்கு வருவதெல்லாம் மதத்தினால் ஊரைவிட்டு ஓடி வந்தவர்களின் வழக்குகள். முதலில் மெஷின் ஒரு நகல் அடித்துத் தரும். அக்கா ஒலியைக் கேட்டுக்கொண்டே அதைத் திருத்துவார். அடுத்து என்னிடம் வரும். நான் வனஜா, சரிபார்ப்பவள். எனக்கு ஹெட்போன் கிடையாது. படித்து, சுத்தம் பண்ணி, அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நூற்று நாற்பது பக்கம் தள்ளுவேன். என் வேகத்துக்கு இந்த ஆபீசில் ஆள் இல்லை என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஆம்பூரிலிருந்து வந்து இந்த வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. சட்டம் என்றால் திருட்டுக்கும் கொலைக்கும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இங்கே படித்தால், ஒரு நாட்டில் அப்பாவின் மதத்தை விட்டு வெளியே வந்தால் தூக்கு. இன்னொரு நாட்டில் வீட்டுக்குள் பத்துப் பேர் சேர்ந்து ஜெபம் பண்ணினால் ஜெயில். வேறொரு நாட்டில் கடவுளைப் பற்றி போனில் ஒரு வரி எழுதியவனுக்குச் சவுக்கடி. இதையெல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்து, எண் போட்டு, புத்தகமாக அச்சடித்திருக்கிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் பதறும். ஆறு மாதத்தில் பழகிவிட்டது. அதுதான் இப்போது நினைக்கப் பயமாக இருக்கிறது.

ஓடி வந்தவர்களிடம் அதிகாரி கேட்கும் கேள்விகள் தனி ரகம். நீ சேர்ந்த மதத்தின் நூலில் எத்தனை பாகம், விரதம் எத்தனை நாள், முதல் குருவின் பெயர் என்ன? சொல்லத் தெரியாவிட்டால் நம்பிக்கை பொய், திரும்பிப் போ. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது நாங்களும் ஒருவரை ஒருவர் விசாரித்துப் பார்த்தோம். பன்னிரண்டு ஆழ்வார்களில் எனக்கு ஐந்து பேர் தெரிந்தது. அக்கா பௌத்தர். புத்தர் சொன்ன எட்டு வழிகளில் நாலைச் சொல்லிவிட்டு ஊறுகாயை நக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம ரெண்டு பேரையும் ஃபிளைட் ஏத்தி அனுப்பிடுவானுங்கம்மா. எங்கப்பா பௌர்ணமியான வெள்ளை வேட்டி கட்டிக்கினு விகாருக்குப் போவாரு. அம்மா ஆடிக்குக் கூழ் ஊத்தும், செப்டம்பர்ல மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி எடுத்துக்கினு போவும். இத்த அந்த ஆபீசர்ட்ட சொன்னா அவனுக்குத் தலை சுத்திடும்," என்று சிரித்தார்.

அக்கா பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் ஆகி இப்போது இருப்பது எல்லாம் ஆபீசுக்குப் பக்கத்திலிருக்கும் மர்பி டவுன்தான். அப்பா வாட்ச்மேன் வேலை பார்த்தவர். மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது மதம் என்ன என்று கேட்டதற்கு அவர் 'பௌத்தம்' என்று சொல்லியிருக்கிறார். அந்த கிளர்க் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'இந்து' என்று எழுதிக்கொண்டான். இவர் மறுபடி சொல்ல, எல்லாம் ஒன்றுதான் போய்யா என்றிருக்கிறான். அதை மாற்ற தாசில்தார் ஆபீசுக்கு எட்டு முறை அலைந்து, ஒன்பதாவது முறை போகாமல் விட்டுவிட்டார். சாகும்வரை அவருக்கு அது ஆறவில்லை. இன்றைக்கும் அக்காவின் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் அந்த கிளர்க் எழுதியதுதான் இருக்கிறது.

எங்கள் வேலைக்கு ஒரு விதிப்புத்தகம் உண்டு. நகல் சுத்தமாக இருக்க வேண்டும். இருமல், தும்மல், 'ம்' கொட்டுவது, திக்குவது எதுவும் வரக் கூடாது. 'பொருளை மாற்றாத ஒலிகளை நீக்கவும்' என்பது பதினோராவது விதி. அடைப்புக்குறி போட்டுக் குறிப்பு எழுதினால் அது ஒரு குறையாகக் கணக்காகும், மாத மதிப்பெண் இறங்கும். அக்கா அடைப்புக்குறி போடுவது அபூர்வம். அதற்காக அவருக்கு இரண்டு முறை பீங்கான் கோப்பை பரிசு கொடுத்திருக்கிறார்கள். அதில்தான் வீட்டில் பல் துலக்கும் பிரஷ்களைப் போட்டு வைத்திருக்கிறார்.

போன ஜனவரியில் ஒருநாள் டீ குடிக்க வெளியே வந்தபோது அக்காவின் கண் சிவந்திருந்தது. என்னவென்று கேட்டேன்.

"ஒரு பொம்பள கேசும்மா. தையக்காரி. பிள்ள செத்துப் போச்சாம். அப்ப ஜெபக்கூட்டத்து ஆளுங்க வந்து கூடவே குந்திக்கினு இருந்தாங்களாம். அதான் மாறினேன்னுது. சொல்லிட்டு அழுதுச்சு பாரு, நாலு நிமிஷம். இந்தக் காதே வலிக்குது."

"சரி விடுக்கா, டீ ஆறுது," என்றேன். அப்போதும் எனக்கு வேகம்தான். அன்றைக்கு இன்னும் எண்பது பக்கம் பாக்கி இருந்தது.

ஜூனில் ஒரு காலை. விசாரணைகள் மட்டுமல்ல, மேல்முறையீட்டு நீதிபதிகள் வாயால் சொல்லும் தீர்ப்புகளும் எங்களிடம் டைப் ஆக வரும். டைப் ஆகிப் போன பிறகு அவர்கள் படித்துக் கையெழுத்துப் போடுவார்கள். கையெழுத்து விழுந்துவிட்டால் அப்புறம் எதையும் திருத்த முடியாது. அக்கா ஒரு தீர்ப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று பெடல் தடதடவென்று பின்னால் போகும் சத்தம் கேட்டது. ஒருமுறை, இரண்டு முறை, மூன்று முறை. திரும்பிப் பார்த்தால் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார். ஒரு வயதானவரின் அமைதியான குரல்.

விசாரணைப் பதிவைக் கவனமாகப் படித்தேன் என்றார் நீதிபதி. அறுபத்தொன்றாம் பக்கத்தில், குழந்தையின் மரணத்தைப் பற்றியும் மதம் மாறிய காரணத்தைப் பற்றியும் விண்ணப்பதாரர் ஒரே வரியில் பதில் சொல்கிறார், உடனே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். தயக்கமோ துயரமோ பதிவில் எங்கும் இல்லை. உண்மையில் நடந்ததைச் சொல்லும் ஒரு தாய் இப்படிப் பேச மாட்டாள். இது சொல்லிக்கொடுத்து ஒப்பித்த கதை என்று முடிவு செய்கிறேன். முறையீடு தள்ளுபடி. அவரைத் திருப்பி அனுப்பத் தடை இல்லை.

அவள் ஓடி வந்த நாட்டின் சட்டம் எங்கள் இருவருக்கும் மனப்பாடம். திருப்பி அனுப்பினால் அவளுக்கு என்ன காத்திருக்கிறது என்று அந்தக் கோப்பின் நாலாம் பக்கத்திலேயே இருந்தது. தூக்கு.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்று யோசிக்கக்கூட இல்லை, பக்கத்தில் இருந்தவர் மேலேயே கொட்டினேன். "என்னாக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? நாலு நிமிஷம் அழுதாங்கன்னு எங்கிட்ட சொன்னீங்க இல்ல? அத எழுதினா என்ன? மார்க்கு போய்டும்னு விட்டுட்டீங்களா?"

"நான் போட்டேன் வனஜா." அவர் குரல் எழும்பவே இல்லை. "பிராக்கெட் போட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

"போட்டிருந்தா எங்க போச்சு? காத்துல பறந்துடுச்சா?"

எங்கள் டீம் லீடர் கிரண் சத்தம் கேட்டு வந்தார். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பழைய கோப்பின் திருத்தப் பட்டியலைத் திறந்தார். ஒவ்வொரு கோப்புக்கும் யார் எந்த நேரத்தில் எதைச் சேர்த்தார், எதை எடுத்தார் என்று அதில் பதிவாகியிருக்கும். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம்.

காலை 10.42. சங்கமித்ரா. சேர்த்தது: [விண்ணப்பதாரர் அழுகிறார், 4 நிமிடம் 12 விநாடி].

பகல் 12.15. வனஜா. நீக்கியது. காரணம்: தேவையற்ற ஒலி.

கீழே டைல்ஸ் கடையில் கல் அறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அந்த இரண்டாவது வரியை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. எனக்கு அது ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை. ஒரு பெண்ணின் அழுகையை எடுத்துப் போட்ட கை எனக்குத் தெரியாமலேயே அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"விதிப்படிதான மேடம் பண்ணியிருக்கீங்க," என்றார் கிரண். "தப்பேன் இல்ல, உங்க தப்பு இல்ல. விட்டுடுங்க."

"விடறதா? அந்த நீதிபதிக்கு எழுதுங்க கிரண்," என்றார் அக்கா.

"ஆடியோல சரியா கேக்காத வார்த்தைக்குத்தான் நாம குவெரி, சந்தேகக் கேள்வி, அனுப்பலாம். தீர்ப்பு பத்தி பேசக் கூடாது. கான்ட்ராக்ட்ல இருக்கு. இது போச்சுன்னா டீமே போயிடும் மேடம், பதினெட்டு ஜனா. நாவு டைப் மாடோரு அஷ்டே. டைப் பண்றவங்க, அவ்வளவுதான்."

அவர் கெட்டவர் இல்லை. பதினெட்டுப் பேரின் வேலை அவர் தலையில் இருந்தது. அக்கா என்னைத்தான் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

"எங்கப்பா சொன்னது ஒண்ணு, அந்த கிளர்க் எழுதினது ஒண்ணு. அவன் மேல நாப்பது வருசமா எங்க வீட்ல எல்லாருக்கும் கோவம்," என்றார். "அவனும் கெட்ட எண்ணத்துல பண்ணல வனஜா. வேலைய சீக்கிரம் முடிக்கணும்னு பண்ணான். இத்தினி நாளா அவன் மூஞ்சி எப்பிடி இருந்திருக்கும்னு யோசிப்பேன்."

எனக்கு அழுகைகூட வரவில்லை, வெட்கத்தில் காது சுட்டது.

குவெரி படிவத்தை நானே திறந்தேன். 'அறுபத்தொன்றாம் பக்கத்தில் விண்ணப்பதாரர் நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி அழுதார். கேட்டவர் அதைக் குறித்திருந்தார். சரிபார்த்த நான் நீக்கிவிட்டேன். தவறு என்னுடையது. ஒலிப்பதிவைக் கேட்கும்படி வேண்டுகிறேன்.' கீழே என் பெயரைப் போட்டேன். எந்தக் குவெரியும் கிரண் வழியாகத்தான் போக வேண்டும். அவர் அதை அன்றைக்கு அனுப்பவில்லை. மறுநாளும் அனுப்பவில்லை. அக்கா தீர்ப்பைக் கடைசி வரி மட்டும் டைப் பண்ணாமல் திறந்தே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டால், முடியவில்லை என்றார். முடியாத தீர்ப்பில் யாரும் கையெழுத்துப் போட முடியாது. பதினான்கு வருடத்தில் அவர் ஒரு கோப்பையும் தாமதித்தது கிடையாது. மூன்றாம் நாள் காலை கிரண் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "அனுப்பிட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் பதில் வந்தது. தீர்ப்பை நிறுத்தி வைத்திருக்கிறோம், அந்தப் பக்கத்தை ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்தி அனுப்பவும். இரண்டே வரி. அக்காதான் செய்வார் என்று நான் ஒதுங்கினேன். அவர் குனிந்து, தன் மேசைக்கு அடியிலிருந்த பெடலைக் காலால் தள்ளி என் பக்கம் கொண்டுவந்தார். ஹெட்போனை என் கையில் வைத்தார்.

"நீ கேளு. கேட்டுட்டு நீயே போடு."

நான் இந்த வேலைக்கு வந்து மூன்று வருடம். ஓடி வந்தவர்களில் ஒருவரின் குரலையும் கேட்டதில்லை. பெடலை மிதித்தேன். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்தார். அப்புறம் அவள் அழுதாள். சினிமாவில் அழுவது போல இல்லை. மூச்சு உள்ளே போய்விட்டு வெளியே வர மறந்தது போல இருந்தது. யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். நாற்காலி ஒன்று நகர்ந்தது. ஒரே ஒரு சொல்லை அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. காலை எடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்திருந்தேன்.

"அக்கா, ஒரு பேரு சொல்றாங்கக்கா."

"தெரியும்," என்றார் அவர். "ஆறு வாட்டி."

'[விண்ணப்பதாரர் அழுகிறார், 4 நிமிடம் 12 விநாடி. ஒரு பெயரை ஆறு முறை சொல்கிறார்.]' என்று டைப் பண்ணினேன். அன்று நான் முடித்தது அந்த ஒரு பக்கம் மட்டும்தான்.

அவள் வழக்கு பிறகு என்னவானது என்று தெரியாது. அங்கே போன கோப்பு இங்கே திரும்பி வராது. ஆனால் அந்தப் பக்கத்தை அனுப்பிய கையோடு நான் கிரணிடம் ஒன்று கேட்டேன். திருத்தப் பட்டியலில் என் பெயரையும் 'தேவையற்ற ஒலி' என்பதையும் போட்டுத் தேடச் சொன்னேன். வேண்டாம் மேடம் என்றார். பிடிவாதம் பிடித்தேன். நானூற்றுப் பதினேழு வரி வந்தது. தேம்புகிறார். பதில் சொல்ல முடியாமல் நிற்கிறார். வாந்தி எடுக்கிறார். சட்டை கழற்றும் சத்தம், முதுகைக் காட்டுகிறார். நானூற்றுப் பதினேழையும் யாரோ கேட்டு, மதிப்பெண் போனாலும் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நான் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

எந்தெந்த வழக்கில் தீர்ப்பு கையெழுத்தாகிவிட்டது என்று எதிரே ஒரு கட்டத்தில் தேதி மட்டும் இருந்தது. அக்கா என் பின்னால் நின்று, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். எல்லாக் கட்டத்திலும் தேதி இருந்தது. தேதி இல்லாமல் காலியாக இருந்தது அந்தத் தையல்காரியின் வரி ஒன்று மட்டும்தான்.