டேங்க் மூடிக்கு வைத்த பொட்டு

எங்கள் லாரி வெள்ளிக்கிழமை மட்டும் நின்றது. மற்ற நாளெல்லாம் உத்திரமேரூரிலிருந்து நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்குப் போய்த் தவிட்டோடு திரும்பும், ஒரு முனகல் இருக்காது. வெள்ளிக்கிழமை வந்தால் பாதி வழியில் இரண்டு தரம் இருமும், இழுவை குறையும், அப்படியே ஓரங்கட்டி உட்கார்ந்துவிடும். டீசல் எஞ்சினுக்குக் கிழமை எப்படித் தெரியும் என்று யாராவது ஒருத்தர் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் கேள்வி கேட்பதற்கென்றே எங்கள் வீட்டில் ஒருத்தி இருந்தாள். ஏழாம் வகுப்பு, சயின்ஸில் முதல் மார்க். நான்தான்.

லாரி பழையது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா அதை செகண்ட் ஹேண்டில் வாங்கிய வருஷம் ஆயுத பூஜைக்கு அதற்கு நடந்த மரியாதை வீட்டில் பெற்ற பிள்ளைகளுக்குக்கூட நடந்ததில்லை. அதோடு விடாமல், இனி வெள்ளிக்கிழமைதோறும் வண்டி கிளம்புமுன் சந்தனம் குங்குமம் வைத்தாக வேண்டும் என்று உத்தரவு. கிண்ணம் என் கைக்கு வந்தது. ரேடியேட்டர், முன்விளக்கு இரண்டு, ஸ்டியரிங் என்று நைனா சொன்ன இடங்கள் போக, டீசல் டேங்கின் மூடியை நானாகச் சேர்த்துக்கொண்டேன். வண்டி சாப்பிடுகிற வாய் அதுதானே. கைக்கு எட்டுகிற உயரத்தில், வட்டமாக, முகம் மாதிரியே இருந்தது. கை நிறையச் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தால்தான் எனக்குத் திருப்தி.

முதல் வெள்ளி நின்றபோது வாலாஜாபாத்திலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். ஆஸ்பத்திரி டாக்டர் தோற்றார். பிறகு வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்குப் போகும் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பார். மாறினால் அந்த சிலிண்டர் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தமாம். ஆறும் மாறின.

"ஆறும் நல்லா கீது. மூணாவது நாசில் மட்டும் கொழந்த மாதிரி லேசா ஒண்ணுக்குப் போவுது" என்றார். நாசில் மாற்றினோம். அடுத்த வெள்ளி நின்றது. பம்பைக் கழற்றிக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பி, நாலு நாள் காத்திருந்து, திரும்ப மாட்டினோம். மூன்றாவது வெள்ளியும் நின்றது.

"பாய், இன்னாதான் வியாதி இதுக்கு?" என்றார் நைனா.

"மொதலாளி, நிக்கிற வண்டியக் காட்டு, சொல்றேன். நான் வரதுக்குள்ள ஓட வெச்சிக்கினு கீறான் ஒன் டிரைவரு. ஓடற வண்டில எங்கேந்து வியாதியத் தேடறது? பெரிய பேஜாரா கீது."

உண்மைதான். வண்டி நின்றதும் டிரைவர் டேங்க் மூடியைத் திறந்து, குச்சியை விட்டு டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். கைப்பம்பை அழுத்தி, டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுப்பார். வண்டி கிளம்பிவிடும். பாய் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேரும்போது எஞ்சின் சமர்த்தாக உறுமிக்கொண்டிருக்கும்.

டிரைவர் ஏரிக்கு அந்தப் பக்கம் காலனியில் இருந்தார். ஒல்லி, காக்கிச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் துண்டுத் துணியும் கம்பியும். வீட்டில் எல்லோரும் அவரை 'அவன்' என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

நாசிலும் பம்பும் குற்றவாளி இல்லை என்று ஆன பிறகு நைனாவின் பார்வை அவர்மேல் விழுந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவது அவர்தான், தனியாக. மறுநாள் வண்டி நிற்கிறது. "டீசல எடுத்து வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்தறான்" என்று சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்.

நாலாவது வெள்ளி உள்ளூர் விடுமுறை. நைனாவே வண்டியில் வருவதாகச் சொன்னார். நானும் தொற்றிக்கொண்டேன். கிளம்புமுன் டிரைவரிடம் அவர் சத்தம்கூடப் போடவில்லை. "இன்னிக்கு நின்னுச்சினா சாவியக் குடுத்துட்டு அப்படியே நடந்துடு. டீசல் திருடனவனுக்கு இந்தப் பக்கத்துல எவனும் வண்டி குடுக்க மாட்டான், தெரியுமில்ல?"

டிரைவர் தரையைப் பார்த்தார். நான் கிண்ணத்தோடு டேங்க் பக்கம் போனபோது பின்னாலேயே வந்து, "பாப்பா, மூடிக்கு வாணாமே. மத்த எடத்துல வெச்சதே போதும்" என்றார் மெதுவாக.

எனக்கு வேலையில் குறுக்கே வந்தால் பிடிக்காது. அங்கிருந்தே கத்தினேன். "நைனா, டேங்குக்குப் பொட்டு வெக்கக் கூடாதாம்."

"சாமி காரியத்துல ஒனக்கு இன்னாடா வேல? போய் வண்டிய எடு."

அவர் போனார். நான் வீம்புக்கு இன்னொரு கை சேர்த்து அப்பினேன்.

ஊரைத் தாண்டியதும் டிரைவர் கேட்டார். "ஒரு டீ அடிச்சிட்டுப் போலாமா மொதலாளி?"

"வாணாம்."

கொஞ்ச தூரம் போனதும், "பின் டயர்ல காத்து கம்மியா கீறாப்பல கீது. எறங்கிப் பாக்கட்டுங்களா?"

"மில்லுல பாத்துக்கலாம்."

பிறகு, "ஒண்ணுக்கு வருதுங்க."

"அடக்கிக்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இவ்வளவு பெரிய ஆள், ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி. கடைசியாக இன்னொரு தரம் டீ கேட்டார். நைனா ரோட்டைக் கை காட்டினார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கள்ளன் எங்கேயோ இறங்கி ஏதோ செய்யப் பார்க்கிறான்.

பாலாற்றுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இருமியது. இன்னொரு தரம் இருமியது. நின்றது.

நைனா கையை நீட்டினார். "சாவி."

டிரைவர் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். கண் டேங்க் பக்கம் போனது. அதற்கு நான் கொடுத்த அர்த்தம், அகப்பட்டுக்கொண்டான்.

"நீ போயி மூடியத் தொற. மண்ணெண்ண வாசன வருதா பாக்கலாம்" என்றார் நைனா என்னிடம். குதித்து இறங்கினேன். மூடி லேசில் திரும்பவில்லை, உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல இருந்தது. இரண்டு கையாலும் திருகினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். மண்ணெண்ணெய் வாசனை இல்லை, டீசல்தான்.

அந்தப் புஸ் போதும் எனக்கு. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் சரியாக வராது, காற்றுப் போக இன்னொரு ஓட்டை வேண்டும் என்று சயின்ஸ் டீச்சர் செய்துகாட்டியிருந்தார். மூடியைப் புரட்டினேன். ஊசி முனை அளவு துளை இருந்தது, அடைத்துக்கொண்டு. "நைனா, காத்துப் போற ஓட்டை அடச்சிக்கிச்சு. அதான் டீசல் வர மாட்டேன்னுது" என்று ரோட்டோரத்தில் வகுப்பு நடத்தினேன்.

நான் முடிப்பதற்குள் டிரைவர் பையிலிருந்து கம்பியை எடுத்துத் துளைக்குள் விட்டார். அளவெடுத்த மாதிரி போனது. உள்ளே விடுவதற்கு முன்பே அதன் நுனி மஞ்சளாக இருந்தது. கைப்பம்பை அழுத்தினார். நைனா சாவியைத் திருப்பிக் கொடுத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"எதுனாலடா அடச்சிக்கிச்சு?"

"ரோட்டுப் புழுதிதாங்க மொதலாளி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு, அதைப் போய்ப் புழுதி என்கிறார். "புழுதி இல்ல நைனா, மஞ்சளா கீது பாரு" என்று மூடியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

நைனா மூடியைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தார், நகக்கண்ணெல்லாம் சந்தனம். பிறகு டிரைவரை ரொம்ப நேரம் பார்த்தார். டிரைவர் துண்டுத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க" என்றார் நைனா, பொதுவாக.

அவ்வளவுதான். பாராட்டு இல்லை, தட்டிக்கொடுத்தல் இல்லை. பாய்க்கும் காஞ்சிபுரத்துக்கும் பிடிபடாததைப் பிடித்தவள் நான். ஜன்னல் பக்கம் திரும்பி உம்மென்று உட்கார்ந்துகொண்டேன். பாலத்தைத் தாண்டியதும் ஒரு டீக்கடை வந்தது. நைனா தொண்டையைக் கனைத்தார். "டீ குடிக்கணும்னியே. நிறுத்து."

டிரைவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்ப வாணாங்க மொதலாளி."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வழியெல்லாம் டீ டீ என்று அரித்தெடுத்த ஆள், கூப்பிட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்கிறார். தனக்கு என்ன வேண்டும் என்பதுகூடத் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.