சொந்த ஊர்

பிள்ளைகளே, அவிசாவளையிலிருந்து தெஹியோவிட்டவுக்கு வந்த பஸ்ஸில் அந்தப் பெண்ணைக் கண்டேன். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் புண்ணுக்கு மருந்து கட்டுகிறவள். வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள். பேசுமுன் முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்வாள். கொழும்பில் நர்ஸ் படிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"எடுத்துக்கிட்டாங்களா தங்கச்சி?" என்றேன்.

"இல்லீங்கண்ணே. சொந்த ஊரு எதுன்னு கேட்டாங்க. முசிறிப் பக்கம்னேன். இந்தியாக்காரிக்கு இடமில்லைன்னுட்டாங்க."

"நீ அங்கயா பொறந்தே?"

"இங்க தோட்டத்து லயத்து வீட்டுலதான் பொறந்தேன். முசிறி எந்தத் திசைன்னுகூடத் தெரியாது. அப்பா சொல்ற ஊரத்தானே நாம எல்லாரும் சொல்றோம்?"

"அத அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேங்க. மொதல்ல சொன்னதுதான் நெசம்னாங்க."

பிறகு அவள் அழுதாள்.

இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணனுக்கு எந்த ஊருங்க?" என்றாள்.

"துறையூர்" என்றேன். நானும் அதைக் கண்டதில்லை.