செகண்ட் ஷிஃப்ட் ஓட்டு

எங்கள் பிளாக் சங்கத்தில், குவார்ட்டர்ஸ் யார் பேரிலோ அவருக்குத்தான் ஓட்டு. அவர் ஷிஃப்டில் இருந்தால், அவர் சொன்ன ஆளுக்கு மனைவி கை தூக்க வேண்டும். எழுபத்தெட்டில் மருதாசலம் தலைவர் தேர்தலுக்கு நின்றார். ஜெயித்துவிடுவோம் என்ற தைரியத்தில் செகண்ட் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அவர் மனைவி காந்திமதியோ, எதிர்த்து நின்றவருக்குக் கை தூக்கினாள்.

"அவர் ஓட்டை மாத்திப் போடலாமாங்க?" என்று அதட்டினார் செயலாளர்.

"அப்ப எனக்குத் தனியா ஓட்டு குடுங்க. குழாயில தண்ணி எப்ப வரும்னுகூட அவருக்குத் தெரியாது."

அதன்பின் பெண்கள் நாங்கள் யாரும் கணவர் ஓட்டைப் போடப் போகவில்லை. பாதி நாற்காலி காலியாகவே கிடந்தது. சங்கம் இறங்கி வந்து எங்களுக்கும் ஓட்டு கொடுத்தது.

அடுத்த தேர்தலில் காந்திமதியே நின்றாள். மருதாசலத்துக்கு அன்றும் செகண்ட் ஷிஃப்ட். அவள் இரண்டு கையையும் தூக்கினாள். செயலாளர் முறைத்தார்.

"ஒண்ணு என்னுது. இன்னொண்ணு, இந்தத் தடவை அவர் சொன்ன ஆளுக்கேதாங்க."